கடைமடையில் புது ரகம், புது நடவு: கூடுகிற விளைச்சல் சிறு விவசாயி வீட்டுக்கு வருகிறதா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர். அதோடு கோயில் நிலம் இரண்டு ஏக்கர் குத்தகை. சம்பா ஒரு போகம்தான். பெரும்பாலும் நேரடி விதைப்பு, பழகிய ரகம், விதையும் வீட்டிலேயே எடுத்து வைப்பது.

இந்த வருடம் வேளாண்மைத் துறையிலிருந்து வந்தவர்கள் இரண்டு யோசனை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகத்தைப் போடுங்கள், வெள்ளம் தாங்கும் என்பது ஒன்று. திருந்திய நெல் சாகுபடி முறையில் நடுங்கள், விதையும் மிச்சம், தண்ணீரும் மிச்சம், விளைச்சலும் கூடும் என்பது இன்னொன்று. அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். இரண்டையும் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் கடன், உரம், விதை வரவு செலவெல்லாம் நான்தான் எழுதுகிறேன். அதனால் என் கேள்வி இதுதான். விளைச்சல் கூடும் என்பதை நம்புகிறேன். அந்தக் கூடுதல் விளைச்சல் மூன்றரை ஏக்கர்காரர் வீட்டுக்குள் பணமாக வந்து சேர்கிறதா? செய்து பார்த்தவர்களும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் சொல்லுங்கள். "புதுசு எல்லாம் ஏமாற்று" என்றோ, "விவசாயி மாற மாட்டான்" என்றோ ஒற்றை வரியில் முடிக்க வேண்டாம்.

பாய் நாற்றங்கால்

அம்மா, நான் துறையில் உதவி வேளாண் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். திருந்திய நெல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மடகாஸ்கரில் ஹென்றி டி லௌலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் அங்குள்ள விவசாயிகளோடு வயலில் இறங்கிப் பார்த்து உருவாக்கிய முறை இது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000 வாக்கில் சோதனையைத் தொடங்கியது. 2003-04இல் காவிரிப் பாசனத்திலும் தாமிரபரணிப் பாசனத்திலும் விவசாயிகளின் வயலிலேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறையும் போட்டு அளந்தார்கள். தாமிரபரணியில் வழக்கமான நடவைவிட ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கூடுதலாக வந்தது. ஏக்கருக்கு அறுநூறு கிலோ என்று வையுங்கள், 40 கிலோ மூட்டையில் பதினைந்து. 2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு 15,000 ரூபாய் கூடுதல் வரவு. விதையும் ஏக்கருக்கு 3 கிலோ போதும், வழக்கமாக இருபத்தைந்து, முப்பது கிலோ கொட்டுகிற இடத்தில்.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை, நன்றாகச் செய்தவர்கள் வயலில் நான் கண்ணால் பார்த்தது. ஒரு நாற்று நாற்பது, ஐம்பது தூர், அதாவது பக்கத் தண்டு, கட்டி நிற்கும்.

ஆனால் அந்த 'நன்றாகச் செய்த' என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 14 நாள் நாற்று. விதை ஒட்டியபடி, வேர் மண்ணோடு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலாகச் செருக வேண்டும், அழுத்தக் கூடாது. 22.5 சென்டிமீட்டர் சதுரம் தப்பக் கூடாது, தப்பினால் கோனோ வீடர் என்ற தள்ளு களைக்கருவி குறுக்கும் நெடுக்கும் ஓடாது. வயலில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை வீடர் ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் தண்ணீர் உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைமடையில் வயலுக்கு வயல் பாய்கிற தண்ணீர் யார் கையிலும் இல்லை. முறை வந்தால் வரும், மழை பெய்தால் வடியாது. 14 நாள் நாற்றை நட்ட மறுவாரம் ஐப்பசி அடைமழை பிடித்தால் நாற்று அழுகிப் போகும். உங்கள் அப்பா தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பதில் காரணம் இல்லாமல் இல்லை.

அரசலாற்று ஓரம்

நான் கும்பகோணம் பக்கம். போர்வெல் இருக்கிறது. நாங்கள் குறுவையில் திருந்திய நெல் முறையில் நட்டோம், விளைச்சலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுத்தியதற்குக் காரணம் ஆள். ஒற்றை நாற்றாகச் சதுரத்தில் நடத் தெரிந்த ஆட்கள் ஒரு குழுதான் எங்கள் பக்கம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அவர்கள் வேண்டும். 14 நாள் நாற்று 20 நாள் நாற்றாகிவிட்டால் அந்த முறையே போச்சு. இப்போது பாய் நாற்றங்கால் (நாற்றைப் பாய் போல வளர்த்து எடுப்பது) விட்டு இயந்திர நடவு. இடைவெளி, இளம் நாற்று இரண்டும் அதில் ஓரளவு வந்துவிடுகிறது. எங்களைப் போலப் பம்புசெட் உள்ளவர்களுக்கு இது சரி. கடைமடைக்கு ஐயா சொன்னதுதான்.

களைக்கொட்டு

வெண்ணாற்றங்கரை அக்கா, நிலம் இல்லாத வீட்டிலிருந்து ஒரு வார்த்தை. சிறு விவசாயி வாழ்வாதாரம் என்று பேசும்போது எங்கள் வீடு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் அதே வயலில்தான் எங்கள் சாப்பாடும்.

என் அம்மா களையெடுப்பும் நடவும் அறுப்பும் செய்து எங்களை வளர்த்தவர். முதலில் அறுவடை இயந்திரம் வந்தது. தை மாசம் ஊரே அறுப்புக்குப் போய், கூலி நெல்லாக வீட்டுக்கு வந்து, அதை வைத்து அடுத்த சில மாசம் கஞ்சி காய்ச்சியது நின்றது. அப்புறம் கோனோ வீடர். குனிந்து களையெடுக்கிற வலி போயிற்று, அது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவியை முழங்கால் சேற்றில் தள்ள ஆம்பளை ஆள் வேண்டும் என்று, பெண்கள் கையில் இருந்த வேலை ஆண்கள் கைக்குப் போனது. கூலியும் அவர்களுக்கு அதிகம். எங்கள் தெருவில் மட்டும் நடந்தது இல்லை இது. திருந்திய நெல் போன வேறு சில ஊர்களில் ஆய்வு செய்தவர்களும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

தஞ்சை மண்ணுக்கு இது தெரியாத கதையும் இல்லை. 1960களில் தீவிர வேளாண்மைத் திட்டம், ஆடுதுறை 27 நெல் ரகம், ரசாயன உரம் எல்லாம் வந்து விளைச்சல் கூடியது. கூடிய நெல்லில் கொஞ்சம் கூலியாகக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். விளைச்சலைக் கூட்டுகிறவர்கள் கூடியது யாருக்கு என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அக்காவிடம் ஒரே வேண்டுகோள். எந்த முறைக்கு மாறினாலும், உங்கள் வயலில் வழக்கமாக வேலை பார்க்கும் பெண்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். எடை குறைந்த களைக்கருவிகள் இப்போது இருக்கின்றன, பெண்கள் தள்ளலாம். பழகிக்கொள்ள அவர்கள் தயாராகவே இருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

பெரும்பற்று

வேளாண் பொருளாதாரம் படிக்கிறேன். இந்த இழையில் பேசுவது எல்லாமே எங்கள் பாடத்தில் உள்ளவைதான், ஆனால் இவ்வளவு தெளிவாக அங்கே வராது.

ஐயா மடகாஸ்கரைச் சொன்னார். முறை பிறந்த அந்த நாட்டிலேயே, எடுத்துச் செய்தவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகளில் விட்டுவிட்டார்கள் என்று மோசர், பாரெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். விளைச்சல் வரவில்லை என்பதால் விடவில்லை. நடவுக் காலம் ஏழை வீட்டில் பஞ்ச காலம். கையிருப்பு நெல் தீர்ந்திருக்கும். அப்போது சொந்த வயலில் கூடுதலாக உழைத்துவிட்டு அறுவடைவரை காத்திருக்க முடியாது, அன்றைய சாப்பாட்டுக்கு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக வேண்டும். விதைச் செலவு குறைவு, உரச் செலவு குறைவு, ஏழைக்கேற்ற முறை என்று சொல்லப்பட்டது கடைசியில் கொஞ்சம் வசதி உள்ளவர்களிடமே தங்கியது.

இதற்கு நேர்மாறான கதை ஒடிசாவில் நடந்தது. சுவர்ணா என்பது அங்கே பரவலான ரகம். அதில் வெள்ளம் தாங்கும் சப் 1 மரபணுவைச் சேர்த்து 2009இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். எமெரிக், டி ஜான்வ்ரி, சடோலே, தார் ஆகிய நால்வர் அங்கே 128 கிராமங்களை எடுத்து, பாதி கிராமங்களில் சில விவசாயிகளுக்கு ஆளுக்கு 5 கிலோ விதை கொடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளம் வந்தால் பயிர் பிழைக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. வெள்ளம் வராத ஆண்டிலும் விதை வாங்கியவர்களின் விளைச்சல் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடியிருந்தது. விதையில் அந்தக் கூடுதல் இல்லை. பயிர் மூழ்கிப் போனால் எல்லாம் போச்சு என்ற பயம் குறைந்ததால் மனிதர்கள் மாறினார்கள். வீசி விதைத்தவர்கள் நடவுக்கு வந்தார்கள், உரம் சரியாகப் போட்டார்கள், தரிசாக விட்ட தாழ்வான நிலத்தில் பயிர் வைத்தார்கள், கூட்டுறவுக் கடனைத் துணிந்து எடுத்தார்கள்.

இன்னொரு ஆய்வில், அங்கே பட்டியல் சாதியினர் நிலங்கள்தான் அதிகம் மூழ்குகிற பள்ளத்தில் இருக்கின்றன, அதனால் இந்த ரகத்தின் பலன் அவர்களுக்கே கூடுதலாகப் போகிறது என்றும் கண்டார்கள். புது விதை ஒன்று மேட்டு நிலத்துக்காரரைவிடப் பள்ளத்து நிலத்துக்காரருக்கு அதிகம் உதவுவது அரிது. எனக்கு இந்த ரகத்தின் மேல் இருக்கும் பற்றுக்குக் காரணம் அதுதான்.

ஆகவே அக்கா கேட்ட இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. திருந்திய நெல் ஆளையும் பணத்தையும் தண்ணீரையும் குறிப்பிட்ட வாரத்தில் கேட்கிறது. சப் 1 விதை எதையும் கூடுதலாகக் கேட்கவில்லை.

காட்டுயானம்

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு யாரும் பாரம்பரிய ரகத்தைச் சொல்லவில்லையே! ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடக்கிறது. மறைந்த நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்த ரகங்களில் வெள்ளத்துக்குத் தாங்குகிறவை பல. ஆளுயரம் வளர்கிற காட்டுயானம் நிற்கிற தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். உரச் செலவு கிடையாது. திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், காசு வேண்டாம். சிறு விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாய் நாற்றங்கால்

காட்டுயானம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

விற்பனைதான் முதல் சிக்கல். பாரம்பரிய நெல்லுக்கு ஆள் பார்த்து விற்கத் தெரிந்தவருக்கு நல்ல விலை உண்டு. கொள்முதல் நிலையத்தை நம்பியிருக்கும் மூன்றரை ஏக்கர்காரர் முழுவதையும் அதற்கு மாற்றிவிட முடியாது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் விற்பனைக்கும் அரை ஏக்கர் போடலாம்.

இன்னொன்று, சப் 1 என்பதை ஏதோ ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் செய்த பொருள் என்று நினைக்க வேண்டாம். அது எஃப்ஆர் 13ஏ என்ற ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. அந்த மரபணு எது என்று 2006இல் கண்டுபிடித்து, வழக்கமான மகரந்தக் கலப்பு முறையிலேயே நல்ல விளைச்சல் ரகங்களுக்கு மாற்றினார்கள். மரபணு மாற்றுப் பயிர் இல்லை. வீரிய ஒட்டு ரகமும் இல்லை. ஆகவே வீட்டு விதை எடுத்து வைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காட்டுயானம் தண்ணீரோடு போட்டி போட்டு உயர்கிறது. சப் 1 பயிர் தண்ணீருக்குள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருக்கிற சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்கிறது. முழுக மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாங்கும். தண்ணீர் வடிந்த அன்று பார்த்தால் வயிறு கலங்கும், இலையெல்லாம் சேறு படிந்து பழுப்பாகச் சாய்ந்து கிடக்கும். அப்போது தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றால் போயிற்று, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு வாரத்தில் புது இலை வரும். அதுவரை யூரியா தூவக் கூடாது. பலரும் பதற்றத்தில் வடிந்த மறுநாளே தூவிக் காசை வீணாக்குவார்கள்.

ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். இந்தத் தாங்கும் சக்தி பயிர் தூர் கட்டும் பருவத்து வெள்ளத்துக்கு மட்டும்தான். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் பெய்த மாதிரி அறுவடைக்கு நிற்கும் கதிரின் மேல் மழை பெய்தால் எந்த சப் 1-ம் காப்பாற்றாது. சாய்ந்த பயிரில் நெல் முளைக்கத்தான் செய்யும். 'வெள்ளம் தாங்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அப்படி ஒரு தை மாசத்தில் விவசாயிக்கு விதையின் மேலும் சொன்னவர் மேலும் நம்பிக்கை போய்விடும்.

வாய்மொழிக் குத்தகை

இதெல்லாம் சரி. கோயில் நிலம் இரண்டு ஏக்கர் என்று அக்கா சொன்னதை யாரும் தொடவில்லை. நானும் குத்தகைக்காரன்தான், ஆனால் தனியார் நிலம், எழுத்தில் எதுவும் கிடையாது.

கூடுகிற விளைச்சல் யாருக்கு என்பது குத்தகை எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று நிலையாக அளப்பவர்களுக்கு மேற்கொண்டு விளைவது முழுக்க அவர்களுடையது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் முறையில், உழுபவர் செலவு முழுவதையும் தானே போட்டு, கூடியதில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் புது முறைக்குத் தயங்கினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். நிலையான குத்தகையிலும் நல்ல விளைச்சல் இரண்டு போகம் கண்ணில் பட்டால் மூன்றாம் ஆண்டு நிலத்துக்காரர் "மூட்டை கொஞ்சம் கூட்டிக்கலாமா" என்று வருவார். எனக்கு நடந்தது. கோயில் நிலத்தில் அந்தப் பயம் அவ்வளவு இல்லை, ரசீது கையில் இருக்கும்.

ரசீது இருந்தால் அடங்கல், அதாவது நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்குச் சான்று, வாங்கலாம். அடங்கல் இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன். உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் அதற்கு வட்டி இல்லை. அடங்கல் இருந்தால்தான் பயிர்க் காப்பீடு. 2023 பிப்ரவரி மழைக்கு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எங்கள் ஊரில் அது நிலம் யார் பேரில் இருந்ததோ அவர் கணக்குக்குத்தான் போயிற்று. பயிரைப் பறிகொடுத்தவன் நான். நகையை அடகு வைத்துப் போட்ட முதல் அது.

இந்த மாதிரி நிலையில் இருப்பவனிடம் வந்து, இந்த முறையில் ஏக்கருக்கு இவ்வளவு கூடும் என்றால் காதில் விழாது. கெட்ட ஆண்டில் என் நஷ்டம் எவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். பெரும்பற்று தம்பி சொன்ன ஒடிசாக் கதை எனக்குப் புரிந்தது அதனால்தான்.

அரசலாற்று ஓரம்

வாய்மொழிக் குத்தகை அண்ணன் சொன்னதோடு கொள்முதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வேண்டும் என்பது விதி. பெரிய விவசாயிக்குக் களம் இருக்கும், தார்ப்பாய் இருக்கும், பத்து நாள் காத்திருக்கவும் முடியும். சிறு விவசாயி ரோட்டில்தான் காய வைக்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் வியாபாரி கேட்கிற விலைக்குத் தள்ளிவிடுகிறார். கூடுதலாக விளைந்த பதினைந்து மூட்டையின் லாபம் அந்த ஒரு சாயங்காலத்தில் போய்விடும். உழவர் உற்பத்தியாளர் குழு வழியாகப் பொதுக் களமும் உலர்த்தும் இயந்திரமும் வைத்தால் அது எந்தப் புது ரகத்துக்கும் குறையாத தொழில்நுட்பம் என்பேன்.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். களைக்கொட்டு தங்கை எழுதியதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கீழ்வெண்மணி நடந்தபோது அவர் சின்னப் பையன், தாத்தா சொல்லித் தெரியும் என்றார். எங்கள் வயலுக்கு வருகிறவர்களிடம் நடவுக்கு முன்பே பேசிவிடுவோம், அது முடிவாகிவிட்டது.

திருந்திய நெல் எங்களுக்கு இப்போதைக்கு இல்லை. வடிகால் தூர் வாரி, வயலில் தண்ணீரைக் கட்டுப்படுத்த ஒரு வழி வந்தால் அப்போது பார்க்கலாம் என்கிறார். ஆனால் சப் 1 விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை அது வாங்கி வாங்கிப் போடுகிற விதை என்றே நினைத்திருந்தாராம். வந்தவர்கள் அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சரி என்றிருப்பார்.

குத்தகை நிலம்தான் பள்ளம். ஒவ்வொரு கார்த்திகையிலும் மூழ்குவது அதுதான். முதலில் அதில் ஓர் ஏக்கர் போடலாம் என்கிறார். இரண்டு சந்தேகம். எங்களுக்குத் தண்ணீர் தாமதமாக வரும், விதைப்பு செப்டம்பர் நடுவில்கூடப் போகும். அப்போதும் இதைப் போடலாமா? விதை எடுத்து வைக்கும்போது கலப்பு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பாய் நாற்றங்கால்

நல்ல முடிவு. பள்ளத்தில் போடுவதுதான் சரியான இடம்.

நாளைக் கவனியுங்கள். சிஆர் 1009 சப் 1-க்கு 155 நாள் வேண்டும். ஆகஸ்டு கடைசிக்குள் விதைத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வரும்போது பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டியிருக்கும், தை கடைசியில் அறுக்கலாம். செப்டம்பர் நடுவுக்குப் போனால் வேண்டாம். பயிர் சின்னதாக இருக்கும்போதே மூழ்கும், அறுவடையும் மாசிக்குத் தள்ளிப்போகும், கடைசித் தண்ணீர் கிடைக்காது. அப்படி ஆனால் அந்த ஆண்டு டிகேஎம் 13 மாதிரி 130 நாள் ரகத்துக்குப் போய்விடுங்கள். தண்ணீருக்குக் காத்திராமல், கோடை உழவு செய்து வைத்து, ஆவணி மழை ஈரத்தில் புழுதி விதைப்பாக விதைக்க முடிந்தால் உங்கள் ஊருக்கு அதுவே நல்லது.

விதைக்கு: வயலின் நடுவே பத்துச் சென்ட் ஒதுக்குங்கள். வரப்போரம் வேண்டாம், பக்கத்து வயல் நெல் கலக்கும். பூக்கும்போது ஒரு தடவை, கதிர் முற்றும்போது ஒரு தடவை இறங்கி, உயரத்திலோ கதிரிலோ வேறாகத் தெரியும் பயிரை வேரோடு பிடுங்கிவிடுங்கள். அந்தப் பத்துச் சென்டை இயந்திரத்தில் விடாமல் கையால் அறுங்கள், முன் வயல் நெல் இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரும். களைக்கொட்டு சொன்ன பெண்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம், கலவன் பார்ப்பதில் அவர்கள் கண்ணுக்கு ஈடு கிடையாது. விதைக்கும் முன் உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். முட்டை மிதந்து ஒரு ரூபாய் அளவு மேலே தெரிந்தால் உப்பு போதும்.

குத்தகை ரசீதை எடுத்துக்கொண்டு விஏஓவிடம் இப்போதே அடங்கலுக்குச் சொல்லி வையுங்கள். சம்பாக் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அந்த வாரம் போய் நின்றால் கூட்டத்தில் வேலை நடக்காது.